குடைக்கடை பாயின் கைகள்

நான் வாழ்க்கைப்பட்டு மயிலாப்பூருக்கு வந்த புதிதில், ஒருநாள் பொழுது புலரும் வேளையில் மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனேன். எதிர்வீட்டு மொட்டை மாடியில் நரைத்த தாடிக்காரர் ஒருவர், இரண்டு கைகளிலும் கனத்த கட்டைகளைப் பிடித்துத் தலைக்குப் பின்னால் சுழற்றிக்கொண்டிருந்தார். பயந்துபோய்க் கீழே ஓடிவந்து என் வீட்டுக்காரரை எழுப்பினேன். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, அது குடைக்கடை பாய்தான், கர்லாக்கட்டை சுற்றுகிறார், அறுபது வயதில் குஸ்திக்குப் போகப் போகிறாராம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் ஆரம்பம் அது. கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மசூதிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. எதிரே கீழ்த்தளத்தில் பாயின் குடைக்கடை, மேலே அவரும் அவர் மனைவியும். மழைக்காலம் வந்தால் கடையில் நிற்க இடம் இருக்காது. பாய் புதுக் குடையும் விற்பார், உடைந்த கம்பியும் மாற்றித் தருவார். ஆளைப் பார்த்தால் பயில்வான் என்று சொல்ல முடியாது. மெலிந்த தேகம். ஆனால் முதுகு கொஞ்சமும் வளையாது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்கும்போது கையை எங்கும் ஊன்றமாட்டார், அப்படியே எழுவார். என் வீட்டுக்காரருக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. ஊஞ்சலை விட்டு எழுந்திருக்கச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, "அப்பாடா" என்பார். இந்த மனுஷர்தான் பாயைக் கேலி செய்தவர்.

கேலி செய்தது அவர் மட்டுமல்ல. சந்து முழுக்கக் கேலி செய்தது. பாய் டிராமில் ஏறமாட்டார், ஜட்கா வைத்துக்கொள்ளமாட்டார். அடையாற்றில் ஒரு பங்களாவுக்குக் குடை கொடுக்கவேண்டுமென்றால்கூட நடந்தே போய்ப் பாலத்தைத் தாண்டிக் கொடுத்துவிட்டு நடந்தே வருவார். வந்ததும் உட்காரமாட்டார், கடையைப் பெருக்குவார். டிராம் காசை மிச்சம் பிடிக்கிறார் என்று சொன்னவர்களும் உண்டு. பாய் காதில் வாங்கிக்கொண்டு சிரிப்பார்.

அவர் ஏன் இப்படி இருக்கிறார் என்பது எனக்கு அந்த மழைக்காலத்திலேயே தெரிந்துவிட்டது. என் குடையின் பிடி கழன்றுபோய்க் கடைக்குப் போயிருந்தேன். மாடியில் மூங்கில் தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல், எதிர்வீட்டுப் புதுப்பெண்ணை மேலே அனுப்பச் சொன்னது. போனேன். செங்குத்தான படி. ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஏற முடியாது. மேலே, கட்டிலில் திண்டு போட்டு, ராணி போல ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நல்ல நிறம், நல்ல ஆகிருதி, வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாப்பிடறியா இல்லியா நீ?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவள் எனக்குப் பாயம்மா.

அவளுக்கு இடுப்புக்குக் கீழே உயிர் இல்லை. தலைப்பிரசவத்தில் குழந்தையும் போய், அதோடு வந்த ஜுரத்தில் கால்களும் போயின. அப்போது அவளுக்கு இருபத்தைந்துகூட இல்லையாம். படுக்கையிலேயே துடைத்துவிட்டு, படுக்கையிலேயே வைத்துக் கடைசிவரை ஓட்டிவிடலாம் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். பாய் கேட்கவில்லை. கிணறும் குளிக்கும் இடமும் கீழே கொல்லையில். தினம் காலையில் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். குளித்த பிறகு தூக்கிக்கொண்டு ஏறுவார். சாயங்காலம் கடற்காற்று வீசும் நேரத்தில் இன்னும் ஒரு மாடி ஏறி, மொட்டைமாடியில் கொண்டுபோய் உட்காரவைப்பார். வேறு ஆள் வைத்துக்கொள்ள வழியில்லை. அவர்கள் குடும்பத்தில் கோஷா முறை. அந்நிய ஆண்பிள்ளை பார்க்கவே கூடாது, தொட்டுத் தூக்குவது எங்கே? அவளுக்குத் தகப்பனாரும் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. பெண்கள் இரண்டுபேர் சேர்ந்து தூக்கலாமென்றால் அந்தப் படியில் இரண்டுபேர் நிற்க முடியாது. ஆகவே இந்த உலகத்தில் அவளைத் தூக்கக்கூடிய கைகள் இரண்டே இரண்டுதான். அந்தக் கைகளுக்கு உரியவர் அவளைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர்.

"எனக்குக் காலு போச்சு. அவருக்குக் கெழவனாவற பாத்தியதை போச்சு" என்றாள் பாயம்மா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு நான் அந்த மாடிக்கு அடிக்கடி போக ஆரம்பித்தேன். ஆண்களுக்குக் கிடைக்காத பாக்கியம் எனக்குக் கிடைத்தது: பாய் அவளைத் தூக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கட்டிலோரம் மண்டியிடுவார். ஒரு கை முதுகுக்கு, ஒரு கை முழங்காலுக்கு அடியில். குனியவே மாட்டார். "பிஸ்மில்லா" என்பார். அடுத்த கணம் நிற்பார். நடுவில் முக்கல் முனகல் எதுவும் கிடையாது. பாயம்மா அவர் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு, முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வாள். படியில் இருக்கும்வரை பாய் பதில் சொல்லமாட்டார். ஒவ்வொரு படியையும் காலால் தடவிப் பார்த்து முழுப் பாதத்தையும் வைத்துத்தான் இறங்குவார். தினம் இறங்குகிற படிதானே என்ற அலட்சியம் ஒருநாளும் இல்லை. கீழே கொண்டுபோய் மணையில் உட்காரவைத்துவிட்டு, "இன்னிக்கு ஆச்சு. நாளைக்குக் கீது" என்பார். வேறு தத்துவம் எதுவும் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

நாளைக்கு இருக்கிறதே என்பதற்காகத்தான் எல்லாம். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் மாடிக்குப் போவார். தண்டால், உட்கார்ந்து எழும் பஸ்கி, கடைசியில் கர்லாக்கட்டை. அந்த மாடிக்குக் கூரை கிடையாது. மழை கொட்டினால் கடையில் குடைகளுக்கு நடுவே நின்று பஸ்கி போடுவார். நோன்பு மாதத்திலும் நிறுத்துவதில்லை, கொஞ்சம் குறைத்துக்கொள்வார், அவ்வளவுதான். கல்யாண வீட்டில் பிரியாணியை எல்லோரும் வெளுத்துக்கட்டும்போது இவர் அரை வயிற்றோடு எழுந்துவிடுவார். பாயம்மா எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் சாப்பிடுவாள். நான் கனத்துக்கொண்டே போகிறேன், நீங்கள் கிழவராகிக்கொண்டே போகிறீர்கள், ஒருநாள் நடுப்படியில் இரண்டுபேரும் மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்று அவரையே கேலி செய்வாள். அவள் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் கனக்கக் கனக்க இவர் கட்டையைக் கனமாக்கிக்கொள்வார்.

ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் என்று லஸ் பக்கத்திலிருந்து ஒரு டாக்டர் வந்தார். திரைக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து, நீட்டிய மணிக்கட்டில் நாடி பார்த்துவிட்டு மருந்து எழுதினார். போகும்போது, பாய் படியேறிய வேகத்தைப் பார்த்துச் சந்தேகம் வந்ததோ என்னவோ, அவர் நெஞ்சிலும் குழாயை வைத்துப் பார்த்தார். வயதைக் கேட்டார். பாய் சொன்னதும் டாக்டர் குழாயைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். இது நாற்பது வயதுக்காரன் நெஞ்சு ஐயா என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து இரண்டு நாளைக்கு என் வீட்டுக்காரர் காபிக்குச் சர்க்கரை குறைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் மறந்துவிட்டார்.

எல்லாவற்றையும்விட, சாந்தோம் கடற்கரையில் பார்த்ததைத்தான் நான் மறக்கமாட்டேன். பெருநாளுக்கு மறுநாள் பாயம்மாவுக்குக் கடல் தண்ணீரில் கால் வைக்கவேண்டும் என்று ஆசை. உணர்ச்சியில்லாத கால்தான், ஆனாலும் ஆசை. திரை போட்ட ஜட்காவில் நானும் அவளும் போனோம். பாய் கூடவே நடந்து வந்தார். அங்கே இறங்கி, புர்காவோடு அவளை வாரி எடுத்துக்கொண்டு மணலில் நடந்தார். மணலில் வெறுங்கையோடு நடந்தாலே எனக்குக் கணுக்கால் புதைகிறது. அவர் அவளைச் சுமந்துகொண்டு அலை வருமிடம் வரைக்கும் நேர்க்கோட்டில் போனார். வலை காயவைத்துக்கொண்டிருந்த மீனவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவர்களில் மூத்தவர் ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். ஒரு மனிதனின் உடம்பு இத்தனை மரியாதைக்குரியதாக இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்படி இருந்தவரைக் கெடுத்தது யார் என்றால், அவர்மேல் உயிரை வைத்திருந்தவர்கள்தான்.

பாயின் அண்ணன் மகன் ஒருவன் வேலூரிலிருந்து வந்து மவுண்ட் ரோட்டில் வியாபாரம் ஆரம்பித்தான். நல்ல பிள்ளை. சித்தப்பா இந்த வயதில் படியேறி இறங்கிச் சுமை தூக்குவதைப் பார்த்து அவனுக்கு வெட்கமாகிவிட்டது. பெரியவரை இப்படி விட்டிருக்கிறார்களே என்று ஜாதிசனம் காறித் துப்பாதா? அவர்களில் மட்டும் இல்லை, எங்களிலும் அப்படித்தான். வயதானவர் எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டால் மருமகள் ஓடிவந்து பிடுங்காவிட்டால் அவளுக்குத்தான் கெட்ட பெயர். உட்காரவைப்பதுதான் மரியாதை.

மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்து மனைகள் போட்டு வீடு கட்டிக்கொண்டிருந்த காலம். இப்போது தி.நகர் என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதுதான். அங்கே படியே இல்லாத தரைவீடு ஒன்றை அவன் பிடித்தான். பாயம்மாவைக் குளிப்பாட்ட ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து இரண்டு ஆயாக்களை அமர்த்தினான். கடையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். சித்தப்பாவுக்கென்று ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டான். பாய் முதலில் சம்மதிக்கவில்லை. சம்மதிக்கவைத்தது பாயம்மா. எத்தனை வருடமாகச் சுமந்துவிட்டீர்கள், உங்கள் இடுப்புக்கு நான் கொஞ்சம் ஓய்வு கொடுக்கவேண்டாமா என்று அழுதாளாம். அவள் அழுதால் அந்த மனுஷரால் தாங்கமுடியாது. போனார்கள். தூக்கவேண்டிய அவசியமே இல்லாத வீட்டில் கட்டை சுற்றுவானேன் என்று கர்லாக்கட்டைகளை மயிலாப்பூர் மாடியிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அந்த வருஷம் இரண்டுமுறை அவர்களைப் பார்க்கப் போனேன். முதல்முறை போனபோது பாய் நாற்காலியில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார். எழும்போது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் முறை எழுந்திருக்கவில்லை, அங்கிருந்தே தலையசைத்தார். கழுத்துச் சதை தொங்கியிருந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக்கூட வண்டியில் போய்வந்துகொண்டிருந்தார். உள்ளே பாயம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஆயாக்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்களாம். ஆனால் வானம் பார்த்து எத்தனையோ நாளாகிறதாம். நான் திரும்பி வந்து என் வீட்டுக்காரரிடம், ஒரு வருஷத்தில் அவருக்குப் பத்து வயது கூடிவிட்டது என்றேன். அவருக்கும் வருத்தம்தான்.

ஐப்பசி மழை பிடித்தது. ஏரி தன் இடத்தை மறக்கவில்லை. ஒருநாள் விடியற்காலையில் மாம்பலத்துத் தரைவீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. ஆற்றிலும் வெள்ளம், ஆயாக்கள் வரவில்லை. முதலில் கணுக்கால், பிறகு முழங்கால். பாயம்மாவின் கட்டில் தாழ்வானது. பாய் தண்ணீரில் மண்டியிட்டார். ஒரு கை முதுகுக்கு, ஒரு கை முழங்காலுக்கு அடியில். "பிஸ்மில்லா" என்றார். எழ முடியவில்லை. மறுபடி முயன்றார். அவளை ஒரு சாண் உயர்த்தியதும் முழங்கால் மடிந்து அவள்மேலேயே விழுந்தார். முன்கட்டில் தங்கியிருந்த அண்ணன் மகன் கதவுக்கு வெளியே நின்று சித்தப்பா, சித்தப்பா என்று கதறிக்கொண்டிருக்கிறான். உள்ளே வரக்கூடாது. அவன் அவளுக்குப் பிறத்தியான். கடைசியில் அக்கம்பக்கத்துப் பெண்கள் தண்ணீரில் அளைந்து வந்து, நாலுபேராகக் கட்டிலோடு அவளைத் தூக்கிச் சமையலறை மேடைமேல் வைத்தார்கள். அதுவரைக்கும் பாய் அவள் தலையை மட்டும் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாராம்.

இதைப் பாயம்மா எனக்குச் சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நான்தாண்டி அவரைக் கெழவனாக்கினேன்" என்றாள்.

தண்ணீர் வடிந்த மறுவாரம் பாய் எங்கள் சந்துக்கு நடந்து வந்தார். நடந்து வந்தார் என்று சொல்வது மரியாதைக்காக. வழியில் எத்தனை மதகில் உட்கார்ந்தாரோ தெரியாது. கடை வாசலில் நின்று மூச்சு வாங்கிவிட்டு மாடிக்குப் போனார். நான் என் மாடியிலிருந்து பார்த்தேன். பழைய கட்டைகளில் ஒன்றைத் தூக்க முயன்றார். வரவில்லை. அதை வைத்துவிட்டுக் குடைக்காம்பு ஒன்றை எடுத்துச் சுழற்ற ஆரம்பித்தார். அறுபத்தைந்து வயதுக்காரர், வெறும் குடைக்காம்பைப் பிடித்துக்கொண்டு, கை நடுங்க நடுங்க, பிள்ளைகள் அட்சரம் பழகுவதுபோலப் பழகினார். அவர் பார்த்துவிடப் போகிறார் என்று நான் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அழுதேன்.

தினமும் வந்தார். போன சதை இந்த வயதில் திரும்பாது என்று எல்லோரும் சொன்னார்கள். அண்ணன் மகன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். பாய் அவனைக் கோபித்துக்கொள்ளவில்லை. நீ நல்லது நினைத்துத்தான் செய்தாய் என்று மட்டும் சொன்னார். பொங்கலுக்குள் சிறிய கட்டைக்கு வந்தார். பிறகு கடற்கரை மணலைக் கோணியில் கொட்டிக் கட்டி, அதைக் கைகளில் ஏந்திப் படியேறினார். வாரத்துக்கு வாரம் மணல் கூடியது. கோணியைத் தூக்கும்போதும் "பிஸ்மில்லா" என்றுதான் சொன்னார், இறங்கும்போது முழுப் பாதம் வைத்துத்தான் இறங்கினார். ஒருநாள் ஆபீசுக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். அன்றோடு அவர் கேலியை நிறுத்தினார். சாயங்காலம் டிராமில் வராமல் நடந்து வந்தார். அது நிலைத்தது. இன்றைக்கும் நடக்கிறார்.

அடுத்த கோடையில் திரை போட்ட ஜட்கா எங்கள் சந்துக்குள் வந்தது. யாரும் சொல்லாமலே ஆண்பிள்ளைகள் வீட்டுக்குள் போய்விட்டார்கள். நான் மட்டும் படியடியில் நின்றேன். பாய் வண்டியிலிருந்து அவளை எடுத்தார். மாம்பலத்தில் படுத்துப் படுத்து அவள் முன்னைவிடக் கனத்திருந்தாள். பாய் முதல் படியைக் காலால் தடவிப் பார்த்தார். ஏறினார். பாயம்மா வாய் ஓயாதவள், அன்று பேசவில்லை. கண்ணை மூடி அவர் தோளில் முகத்தை வைத்திருந்தாள். மேலே கட்டிலில் உட்காரவைத்துவிட்டு அவர் நிமிர்ந்தபோது நெற்றியில் வேர்வை இருந்தது. மூச்சு சீராக இருந்தது. நான் இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டேன். அவர் எதற்கு என்பதுபோலப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர்கள் அந்த மாடியை விட்டுப் போகவில்லை. அண்ணன் மகனே சாய்வு நாற்காலியை யாருக்கோ கொடுத்துவிட்டான். பாய் எழுபதைத் தாண்டினார். தாடி முழுவதும் வெளுத்தது, காது கொஞ்சம் மந்தமானது. அவர் வயதுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கோல் ஊன்றினார்கள், படுத்தார்கள், போனார்கள். இவர் காலையில் இறங்கினார், ஏறினார், சாயங்காலம் மொட்டை மாடிக்கு ஏறினார். அவருக்கு இருந்த பயம் ஒன்றுதான். ஒருமுறை என்னிடம் வாய்விட்டுச் சொன்னார்: "நான் முன்னாடி பூட்டா அவளை யாரு தூக்குவா, சொல்லும்மா."

பாயம்மா முப்பதுகளின் நடுவில், ஒரு மார்கழியில் நிமோனியாவில் போனாள். அவள் நினைவோடு இருந்த கடைசி நாள்வரைக்கும் அவளைக் கிணற்றடிக்குத் தூக்கிப் போனவர் அவர்தான். பெண்கள் நாங்கள் அவளைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றினோம். அதற்கு மேல் எங்களுக்கு இடமில்லை. ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரரும் கபர்ஸ்தான் வரைக்கும் போனார். நடந்ததை அவர்தான் வந்து சொன்னார்.

பெண்ணை மண்ணில் இறக்க, உரிமையுள்ள ஆண்தான் குழிக்குள் இறங்கவேண்டுமாம். மேலே ஒரு துணியை விரித்துப் பிடித்துக்கொள்வார்களாம், யார் கண்ணும் படாமல். வயதானவராயிற்றே, ஜமாத்தில் யாராவது ஒரு பெரியவர் கூட இறங்கட்டும் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். பாய் தலையை ஆட்டிவிட்டுத் தனியாகக் குழிக்குள் இறங்கினார். விரித்த துணிக்கு அடியிலிருந்து அவருடைய இரண்டு கைகள் மட்டும் நீண்டன. மேலே நாலுபேர் சேர்ந்து பிடித்திருந்த அவளை அந்தக் கைகள் வாங்கிக்கொண்டன. கொஞ்சங்கூடத் தாழவில்லை என்றார் என் வீட்டுக்காரர். உள்ளே "பிஸ்மில்லா" என்று அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. ரொம்ப நேரம் அவர் வெளியே வரவில்லை. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

துணியை விலக்கியபோது அவளை வலப்பக்கமாகப் படுக்கவைத்துப் பலகை சாத்தியிருந்தார். ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். மார்பளவுக் குழி. அவர் கைகளுக்கு அது ஒரு உயரமே இல்லை, ஒரு தண்டால் எடுக்கிற நேரத்தில் மேலே வந்துவிடுவார் என்று எல்லோரும் விலகி வழிவிட்டார்களாம்.

அவர் அண்ணாந்து பார்த்தார். இரண்டு கைகளையும் மேலே நீட்டி, "தூக்குங்கப்பா" என்றார்.